உங்கட இருட்டறைக்குள்ள வந்து போன ஆள் ஆர்? திருகோணமலைப் பக்கத்து ஆக்கள் எழுதுங்கோ

மனையாவெளியான்

வீட்டுக்குப் பின்னால கிடந்த சாமான் அறையை நான் பிலிம் கழுவிப் படம் அடிக்கிற இருட்டறையாக்கினது இஞ்ச கனபேருக்குத் தெரியும், படமும் போட்டனான். அதால மேசை, படத்தைப் பெரிசாக்கித் தாளில விழுத்துற என்லார்ஜர், மருந்துத் தட்டுக் கதையெல்லாம் விடுறன். மண்டைக்குள்ள நிக்கிறது வேற விசயம்.

பெருந்தெருப் பக்கம் முந்தி ஸ்ரூடியோ வைச்சிருந்த ஐயா ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினன். அடையாள அட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் படம் கேட்ட காலத்தில ஊரில பாதிப்பேரின்ர முகம் அவற்ற தட்டுக்குள்ளதான் மிதந்தது. வந்தவர் என்லார்ஜரைத் திரும்பியும் பாக்கேல்லை. கறுப்படிச்ச சுவர், அதில நான் ஆசையா ஒட்டின படங்கள், மூலைக்குள்ள பாட்டுப் பெட்டி, மெத்தை போட்ட கதிரை, ஒண்டையும் பாக்கேல்லை. "லைற்றை நூருங்கோ தம்பி" எண்டார்.

நூத்தன். ரெண்டுபேரும் கதைக்காமல் நிண்டம். கண் பழகப் பழக, ஓட்டு இடுக்குகளுக்குள்ளால வெளிச்சம் புள்ளி புள்ளியாத் தெரியத் தொடங்கிச்சு. அது நூத்தவுடன தெரியாது, பத்து நிமிசம் நிண்டால்தான் தெரியும். சரி, அதைக் காட்டத்தான் நிக்கிறார் எண்டு நினைச்சன். அப்பதான் சுவரில உள்ளங்கை உரசுற சத்தம் கேட்டது. இடுப்பளவு உயரத்தில, இடப்பக்கம், தடவிக்கொண்டே போகுது.

"பைப் எங்க?"

"வெளியில, கிணத்தடியில ஐயா."

"ம்."

அவ்வளவுதான். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டார். நல்லாயிருக்கு எண்டும் சொல்லேல்லை, கூடாது எண்டும் சொல்லேல்லை. ஓட்டு இடுக்கை அடுத்த நாளே அடைச்சிட்டன். அந்தக் கை தேடினதுக்கு என்ன செய்யிறதெண்டுதான் தெரியேல்லை. உங்களுக்கு இப்பிடி ஆரும் வந்து போனவையோ?

ஐஸ்பெட்டி

உப்புவெளி. குளியலறைதான் இருட்டறை, கொமட் மூடிக்கு மேல பலகை, பலகைக்கு மேல என்லார்ஜர். மனிசி ஏசுறது தனிக்கதை.

கறுப்பு வெள்ளை பிலிம் எச்பி5, அதைக் கழுவுற மருந்து (டெவலப்பர்) ஐடி-11. தண்ணி கலக்காமல் அப்பிடியே பாவிச்சால் 20 டிகிரியில 7½ நிமிசம். எங்கட கூரைத் தாங்கித் தண்ணி கச்சான் காத்துக் காலத்தில பின்னேரம் தேத்தண்ணி போடுற சூட்டில வரும். அதால மீன் வாடியில ஐஸ் வாங்கி வாளிக்குள்ள போட்டு, அதுக்குள்ள போத்தலை வைச்சுக் குளிராக்கிறனான். மீன் வாங்காமல் ஐஸ் மட்டும் வாங்குற ஆளைப் பாத்து வாடி நடத்துற சம்மாட்டியாருக்குச் சந்தேகம். ஒருநாள் பின்னாலேயே வந்திட்டார்.

நான் அண்டைக்கு அடிச்சுக்கொண்டிருந்தது அவற்ற கரையில எடுத்த படம். சிவப்பு லைற்றுக்குக் கீழ, தட்டுக்கு மேல குனிஞ்சு பாத்தார். வலை வந்தது, ஆக்கள் வந்தினம், போட் வந்தது. ஆச்சரியப்படுவார் எண்டு அவற்ற முகத்தைப் பாக்கிறன். மனுசன் விரலை நீட்டி, "தம்பி, இந்தப் போட்டின்ர நம்பரைக் கறுப்பாக்கேலுமோ?" எண்டார்.

ஏலும்தானே. இன்னொரு தாளில திரும்ப அடிச்சு, மட்டையில ஓட்டை போட்டு மற்ற இடமெல்லாம் மறைச்சு, அந்த மூலைக்கு மட்டும் கறுக்கக் கூடுதலா வெளிச்சம் குடுத்தன். நம்பர் இருட்டுக்குள்ள போட்டுது. "ஏன் அண்ணை?" எண்டு கேட்டன். "சும்மா" எண்டார்.

என்ன சும்மா? நித்திரைக்குப் போகேக்கையும் இதுதான்.

பழையகை

ஐஸ்பெட்டித் தம்பி, ஐஸுக்குக் காசைக் கரைக்கிறது விசர் வேலை. 20 டிகிரி குளிர் தேசத்துக்காரர் எழுதி வைச்ச கணக்கு. எங்கட ஊரில 24-ல கழுவலாம். ஆனா அதே ஐடி-11-ஐச் சரிக்குச் சரி தண்ணி விட்டுக் கலக்குங்கோ. அப்ப 20-ல 13 நிமிசம், 24-ல 9 நிமிசம் அளவில முடியும். கலக்காமல் 7½ நிமிசக் கணக்கை வைச்சுக்கொண்டு சூட்டைக் கூட்டினால் 5 நிமிசத்துக்குக் கிட்ட இறங்கும், பிலிம் திட்டுத் திட்டா வரலாம். முக்கியமான விசயம், டெவலப்பர் 20, கழுவுற தண்ணி 31 எண்டு வைக்காதேங்கோ. எல்லாம் ஒரே சூட்டில இருக்கவேணும். இல்லாட்டி மேல பூசின ஜெலற்றின் சுருங்கி, படம் முழுக்க வெடிப்பு விழும்.

மனையாவெளியானுக்கு: சுவரெல்லாம் கறுப்படிக்கச் சொன்னது ஆர்? சிவப்பு லைற் உண்மையில தாளுக்குப் பாதுகாப்பான லைற்றெண்டால், அது வெள்ளைச் சுவரில பட்டுத் திரும்பினாலும் பாதுகாப்புத்தான். வெள்ளைச் சுவரெண்டால் தட்டும் வடிவாத் தெரியும். என்லார்ஜருக்குப் பின்னால மட்டும் கறுப்படிச்சால் காணும். லைற் சரியோ எண்டு பாக்க, தாளுக்கு என்லார்ஜரால துளி வெளிச்சம் காட்டிப்போட்டு, மேல ஒரு ரூபாக் குத்தியை வைச்சு, சிவப்பு லைற்றுக்குக் கீழ பத்து நிமிசம் விட்டுக் கழுவிப் பாருங்கோ. குத்தியின்ர வட்டம் தெரிஞ்சால் அந்த லைற்றைக் கழட்டி எறியுங்கோ. கடையில விக்கிற சிவப்புக் குமிழ் எல்லாம் நம்பேலாது. பிலிமுக்கு அந்த லைற்றும் கூடாது, கும்மிருட்டுத்தான். தாளுக்குச் சிவப்புத் தெரியாது, எச்பி5-க்குத் தெரியும்.

கிணத்தடி எண்டு வேற எழுதியிருக்கிறியள். பாவிச்ச பிக்சரை (படத்தை அழியாமல் நிலைக்க வைக்கிற மருந்து) அந்தப் பக்கம் ஊத்தவே கூடாது, அதுக்குள்ள வெள்ளி கரைஞ்சு கிடக்குது. தனிக் கலனில விட்டு, இரும்புத் தும்பைப் போட்டு வையுங்கோ, வெள்ளி அதில படியும். டெவலப்பரை நிப்பாட்டுற ஸ்டொப் பாத்துக்கு வினாகிரி பாவிச்சால் பூட்டின அறைக்குள்ள மூச்சு முட்டும், சிற்றிக் அசிட் மணக்காது. காத்தாடி வெளிக்காத்தை உள்ளுக்கு இழுக்கிறமாதிரிப் போட்டால், கதவு இடுக்கால தூசி வராது, கெட்ட காத்துத்தான் போகும்.

என்ர அனுபவம் எண்டால், சீனன்குடாவில வேலை செய்யேக்க பெரியவர் ஒருத்தர் தட்டாமல் கதவைத் திறந்தவர். பிலிம் ரோல் போச்சு. பூட்டு உள்பக்கம் போடுங்கோ.

கிண்ணியா மகள்

பழையகை அண்ணன் சொன்னதெல்லாம் குறிச்சிக்கிட்டேன். என்ட கதை வேற.

வாப்பாட கடைக்குப் பின்னால அரிசி மூட்ட அடுக்குற அறைய எனக்குத் தந்தாங்க. பக்கத்து வீட்டு மாமா ஒரு நாள் கவரொண்டு கொண்டு வந்தார். 2004 டிசம்பர் 26-க்குப் பொறகு சேத்துக்குள்ள இருந்து எடுத்து, காய வெச்சுப் பத்திரப்படுத்தின நெகட்டிவ். அவரு வீட்டுக் கலியாணப் படம் எண்டுதான் இத்தன வருசமா வெச்சிருக்கார். ரெண்டு துண்டு ஒண்டோடொண்டு ஒட்டி, உப்புப் பூத்து, ஒரு கரை உரிஞ்சு போயிருந்திச்சு. கொதிநீர் ஆத்திய தண்ணியில ஊற வெச்சு, மெல்ல மெல்லப் பிரிச்சு, ஒரு பிரேம் மட்டும் ஒழுங்கா வந்திச்சு.

மாமா எனக்குப் பக்கத்திலயே நிண்டார். தட்டில முகம் தெளியத் தெளிய அவர் குனிஞ்சார். பொறகு நிமிந்தார். "இது எங்கட ஆக்கள் இல்ல மகள்" எண்டார்.

மாப்பிள்ள, பொண்ணு, பக்கத்தில ஒரு சின்னப் பிள்ள கண்ண மூடிட்டு நிக்கிது. ஆரெண்டு எங்க தெருவில ஒருத்தருக்கும் தெரியல்ல. மாமா படத்த எடுக்கவுமில்ல, வேணாமெண்டு செல்லவுமில்ல. நெகட்டிவையும் வெச்சிட்டுப் போயிட்டார். மூதூரில கேட்டுப் பாத்தம். மனையாவெளியான் சுவரில ஆசைக்குப் படம் ஒட்டின மாதிரி நானும் ஒட்டியிருந்தன், இப்ப அதெல்லாம் கழட்டிட்டு இத மட்டும் மாட்டியிருக்கன், வாற ஆக்கள் ஆராவது அடையாளம் செல்லுவாங்களெண்டு.

நிழல்விழுந்தான்

பழையகை அண்ணை எழுதினது பிழை எண்டு சொல்லேல்லை. ஆனா ஆள் அறையைப் பற்றிக் கதைச்சால் நீங்கள் ஆய்வுகூடம் கட்டச் சொல்லுறியள். ஜூலியா மார்கரெற் கமரன் எண்ட மனிசிக்கு 48 வயசில, 1863-ல, மகள்தான் கமரா வாங்கிக் குடுத்தவ. கரி போட்டு வைச்ச அறைதான் அவவுக்கு இருட்டறை. கோழிக்கூடுதான் ஸ்ரூடியோ. பைப்பும் இல்லை, காத்தாடியும் இல்லை, கண்ணாடித் தட்டில எடுத்த படத்தைக் கழுவக் கிணத்துத் தண்ணிதான். அவ பேந்து 1875-ல இலங்கைக்கு வந்து, 1879-ல எங்கட மலைநாட்டிலதான் செத்தவ. கறுப்புச் சுவர் மனையாவெளியானுக்குப் பிடிச்சிருந்தால் கறுப்பா இருக்கட்டுமன். ராத்திரி முழுக்க உள்ள நிக்கிறது அவன்தானே.

என்ர சம்பவம் சின்னன். கோட்டை வாசலுக்குக் கிட்ட இருக்கிற சொந்தக்காரர் வீட்டில பைபர் தாளில (பிளாஸ்ரிக் பூச்சில்லாத கடதாசி) அடிச்ச படங்களைக் கொடியில காயப் போட்டிட்டு உள்ள போனன். திரும்பி வரேக்க மான் ஒண்டு கோணேசர் கோயில் படத்தைச் சப்பிக்கொண்டு நிக்குது. கோபுரம் போட்டுது, கடல் மட்டும் மிச்சம். சூ எண்டன், அசையேல்லை. என்னைப் பாத்துக்கொண்டே மிச்சத்தையும் விழுங்கிச்சு. பக்கத்தில காய்ஞ்ச மற்றப் படங்களை மணந்து பாத்திட்டு விட்டிட்டுப் போட்டுது. அது ஏன் அந்தப் படம்?

பழையகை

பைபர் தாளெண்டால் ஒரு மணித்தியாலம் ஓடுற தண்ணியில கழுவினீரோ? பிக்சர் மிஞ்சியிருந்தால் மானுக்கும் கூடாது, படமும் நாளடைவில மஞ்சளாப் போயிடும். கழுவிற நேரத்தைக் குறைக்க ஒரு வழியிருக்கு, முதல்ல...

ஐஸ்பெட்டி

பழையகை அண்ணை, 24 டிகிரி, 9 நிமிசம், விளங்கிச்சு, நன்றி. நான் ஐஸைப் பற்றிக் கேக்கேல்லை, நம்பரைப் பற்றித்தான் கேட்டனான். படம் ரெண்டும், நம்பர் உள்ளதும் இல்லாததும், கவரில போட்டு வைச்சிருக்கிறன், மனுசன் எடுக்க வரேல்லை. போன கிழமை வாடிக்குப் போனால் ஐஸ் தந்தவர், காசும் வாங்கேல்லை. இதுக்கு ஆரும் அர்த்தம் தெரிஞ்சால் எழுதுங்கோ.