பண்டாரவளையில் அடம்பன்கொடி: விதை முளைக்கவில்லை, மண்மேட்டில் நடலாமா?

பண்டாரவளை மேட்டுவீடு:
பொத்துவில் கடற்கரையில் எடுத்த அடம்பன் விதை கொஞ்சமும் கொடித்துண்டுகள் இரண்டும் இருக்கின்றன. விதை ஈரமண்ணில் ஒரு மாதமாகக் கிடக்கிறது, முளையைக் காணோம். உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா? வீட்டுக்குப் பின்னால் மழைக்கு மண் சரிகிற மேடு ஒன்று உண்டு. மணலைப் பிடிக்கிற கொடி அதையும் பிடிக்குமா?

பதுளை நாற்றுமேடை:
உப்பு வேண்டாம் அக்கா. அடம்பன் உப்பைத் தாங்கும், ஆனால் உப்பில்லாமலும் நன்றாக வளரும்.

முளைக்காததற்குக் காரணம் விதைத்தோல். கடலில் மாதக்கணக்கில் மிதந்தாலும் தண்ணீர் உள்ளே போகாது. வெறும் ஈரமண் அதை அசைக்காது. பழுப்பு மயிர் மூடிய அந்த விதையைத் திருப்பிப் பாருங்கள். தட்டையான முகங்கள் சேரும் முனையில் ஒரு வடு தெரியும். அந்தப் பக்கம் கை வைக்காமல், உருண்ட முதுகை அரத்தாளில் தேயுங்கள். கருந்தோல் போய் வெளிர்நிறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் தேய்த்தால் பருப்பு காயப்பட்டு அழுகிவிடும். பிறகு இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறட்டும். காலையில் ஊதியிருப்பதை ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுங்கள். ஊதாததை மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள்.

ஆழத்தைவிட அகலம் கூடிய சாடி நல்லது. ஆற்று மணல் மூன்று பங்கு, தோட்டத்து மண் ஒரு பங்கு, மக்கிய கூட்டெரு அரைப் பங்கு. தேயிலைக்குப் பிடித்த நம் மண் புளிப்பானது. கடற்கரை மணலிலோ சிப்பித்தூள் கலந்திருக்கும். அதனால் பத்து லீற்றர் கலவைக்கு இரண்டு மேசைக்கரண்டி டொலமைட் சேருங்கள். யூரியா பக்கமே போகாதீர்கள்: இலை மண்டும், பூ வராது.

கொடித்துண்டில் இரண்டு மூன்று கணு இருந்தால் போதும். வெட்டுவாயில் பால் காய்ந்தபின் ஈரமணலில் படுக்கவைத்து, ஒரு கணுவை மட்டும் புதையுங்கள். வேர் கணுவில்தான் விடும்.

அட்டன் தோட்டக்காரன்:
நாள் முழுக்க வெயில் விழும் இடமாகப் பாருங்கள். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உங்கள் பக்கம் ஒக்டோபரில் பிடிக்கிற மழை ஜனவரி வரை நீளும், அப்போது சாடி கூரைக்கடியில் இருக்கட்டும். இலை மஞ்சளித்து அடித்தண்டு கொழகொழத்தால் வேரழுகல். நல்ல நுனியை வெட்டிப் புதிதாக நடுவதுதான் வழி. இலைக்கடியில் வெள்ளைக் கொப்புளம் கண்டால் பறித்து எரித்துவிடுங்கள்.

மேட்டுக்கு இது சரிவராது. கடற்கரையில் காற்று மணலை வாரிக் கொடிமேல் போட, புதைந்த கணுவெல்லாம் வேர்விட்டுப் பின்னிக்கொள்கிறது. களிமண் சரிவில் அது நடக்காது. குளிரிலும் மூட்டத்திலும் கொடியும் அடர்ந்து படராது. அங்கே வெட்டிவேர் வையுங்கள். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 சென்ரிமீற்றர். இடைவெளி கூடினால் தண்ணீர் அந்தச் சந்தால் அரித்துக்கொண்டு போகும். மேட்டில் வெடிப்போ, சாய்ந்த மரமோ, புதிதாகக் கசியும் ஊற்றோ தெரிந்தால் எந்தச் செடியையும் நம்பாதீர்கள். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு பார்க்க வையுங்கள். மழை பலத்தால் அதுவரை அந்தப் பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

பண்டாரவளை மேட்டுவீடு:
நன்றி. மேட்டில் வெட்டிவேரே வைக்கிறேன். நுவரெலியாவில் இருக்கும் தங்கச்சியும் ஒரு துண்டு கேட்கிறாள், கொடுக்கலாமா? வத்தாளைப் பாத்திக்குப் பக்கத்தில் சாடி இருந்தால் பரவாயில்லையா?

பதுளை நாற்றுமேடை:
நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி துகள் உறைபனிக்கு வெளியில் வைத்தால் கருகிவிடும். கண்ணாடிக் கூடாரம் இருந்தால் மட்டும் கொடுங்கள். வத்தாளைக்குக் கிட்ட வேண்டாம். இரண்டும் ஒரே பேரினம், கிழங்கைத் துளைக்கிற கூன்வண்டு அடம்பன் தண்டிலும் குடியிருக்கும். சாடியை முன்வாசலுக்கு மாற்றிவிடுங்கள்.