அரைத்த மாவில் கரண்ட் எங்கே இருக்கிறது?

தாராவி கிரைண்டர்:
எல்லாருக்கும் வணக்கம். மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அம்மா இட்லி வியாபாரம் செய்கிறார். விடியுமுன் அவித்த இட்லி சைக்கிளில் ஏறி ஊருக்குள் போய்விடும். மாவு அரைப்பதும் கரண்ட் பில் கட்டுவதும் என் பொறுப்பு. போன வாரம் பில்லைப் பார்த்து நான் முனகிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாவது படிக்கும் மகள் கேட்டாள்: "ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. அப்போ நாம காசு கொடுத்து வாங்கின கரண்ட் எங்கப்பா இருக்கு?"

கிரைண்டரைப் பார்த்தேன். கல் நின்றுவிட்டது. மாவு சும்மா கிடக்கிறது. "அரிசி நொறுங்கினதுல போயிடுச்சு" என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நம்பவில்லை.

எங்களுடையது சாய்த்து மாவைக் கொட்டும் டில்டிங் கிரைண்டர், 1 எச்பி மோட்டார். ஒரு ஈடுக்கு 15 கிலோ மாவு வரும். அரை மணி நேரம் ஓடினால் மீட்டரில் அரை யூனிட். அந்த அரை யூனிட் எங்கே?

கடைசி பெஞ்ச்:
சத்தமாகப் போகிறது. உங்கள் சந்தில் தூங்க முயற்சி செய்கிறவர்களைக் கேளுங்கள்.

மாட்டுங்கா வாத்தியார்:
சத்தம் காதுக்குத்தான் பெரிது. அந்த இரைச்சல் முழுவதையும் அள்ளினாலும் ஒரு வாட் தேறாது. அதுவும் சுவரில் பட்டுச் சூடாகித்தான் அடங்கும். அரிசி நொறுங்கப் போனதும் சொற்பம். தம்பி, அரைத்து முடித்ததும் மாவுக்குள் கையை விடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கிறதா? மகள் தேடியதில் ஒரு பங்கு அங்கே.

இந்த வேலையைப் பெரிய ஆட்களே செய்து பார்த்திருக்கிறார்கள். பீரங்கிக் குழாயைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்து, மழுங்கிய துளைப்பானைக் குதிரையால் சுழற்றினார் ரம்ஃபோர்ட் என்ற விஞ்ஞானி. நெருப்பே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்ததை 1798-இல் எழுதிவைத்தார். பிறகு 1840-களில் ஜூல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி தண்ணீருக்குள் துடுப்பைச் சுழலவிட்டு, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு சூடு என்று கணக்கே போட்டுவிட்டார். அவர் வைத்திருந்ததும் ஒருவகைக் கிரைண்டர்தான், மாவு மட்டும் இல்லை.

உங்கள் கணக்கு இது. ஆற்றலை அளக்கும் அலகுக்கு அந்த ஜூலின் பெயர்தான்; அரை யூனிட் என்றால் 1,800 கிலோஜூல். ஒரு கிலோ மாவை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 3.5 கிலோஜூல் வேண்டும். எல்லாமே மாவில் இறங்கினால் 15 கிலோவும் 34 டிகிரி ஏறிவிடும். அவ்வளவு ஏறாது. மோட்டார், பெல்ட், கல், டிரம் எல்லாம் பங்கு கேட்கும். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்தச் சூடு அறைக் காற்றுக்கு, அங்கிருந்து சந்துக்கு, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு. காணாமல் போகாது, ஆனால் திரட்டவும் முடியாது. கடலில் கரைத்த பெருங்காயம். உங்கள் வீட்டுக்கு வருமுன்பே இந்தக் கதை நடக்கிறது: நிலக்கரி எரித்த சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மும்பைக் கடலோரத்து டிராம்பே அனல்மின் நிலையத்தில் மிச்சத்தின் பெரும்பகுதி குளிர்விக்கும் நீரோடு நிஜமாகவே கடலுக்குப் போகிறது.

செம்பூர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்:
வாத்தியார் ஐஸை விட்டுவிட்டார். இட்லிக்கு அரைப்பவர்கள் யாராவது ஐஸ் போடாமல் அரைப்பார்களா? ஒரு கிலோ ஐஸ் உருகி, அந்தத் தண்ணீர் அறைச் சூட்டுக்கு வரும்வரை சுமார் 460 கிலோஜூலை விழுங்கும். ஆனால் அந்த ஐஸ் உங்கள் ஃப்ரிட்ஜிலேயே செய்ததென்றால் ஒன்றும் மிச்சமில்லை. தண்ணீரிலிருந்து உருவிய சூட்டையும், கம்ப்ரசர் தின்ற கரண்டையும் சேர்த்துப் பின்பக்கம் அதே அறைக்குள்தான் தள்ளும். பின்னால் கை வைத்துப் பாருங்கள், அண்ணே. கோடையில் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்து அறையைக் குளிராக்கப் பார்க்கிற வாடிக்கையாளர் எனக்கு வருஷத்துக்கு ஒருவராவது உண்டு.

தாராவி கிரைண்டர்:
செய்து பார்த்துவிட்டோம். பள்ளி லேபில் மகள் தெர்மாமீட்டர் கேட்டு வாங்கி வந்தாள். ஐஸ் இல்லாமல் ஒரு ஈடு அரைக்க அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் இரண்டு நாள் ஆனது. "ஏல, மாவு சூடேறப்பிடாது" என்று ஒரே பாட்டு.

கல் சுற்றத் தொடங்கும்போது 29 டிகிரி. நிறுத்தும்போது 38. ஒன்பது டிகிரி. மகள் பெருக்கிப் பார்த்து 470 கிலோஜூல் சொச்சம் என்றாள். அரை யூனிட்டில் கால்வாசி. மோட்டார் மேல் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். மிச்சத்தில் பெரும்பங்கு எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஈடுக்கு அம்மா வழக்கம்போல் ஐஸ் எடுத்தார். அளவெல்லாம் கிடையாது, நாலு கை. மகள் அதைப் பிடுங்கித் தராசில் வைத்தாள். 1 கிலோ 50 கிராம். மாவில் ஏறிய 470 சொச்சத்தை விழுங்க ஏறக்குறைய சரியான அளவு. மெக்கானிக் அண்ணன் சொன்ன கணக்கை அவள் பாட்டிக்கு விளக்கியபோது, "இதுக்கா ஒரு ஈடு மாவைப் பாழாக்குனிய?" என்றார்.

ஐஸ் போடாத அந்த மாவு மதியத்துக்குள் புளித்துவிட்டது. இரண்டு நாளாக எங்கள் வீட்டில் மூன்று வேளையும் ஊத்தப்பம்.