சொந்தமாகச் செய்த டெபியன் டிவிடி பூட் ஆகவில்லை: 'இமேஜ் செக்சம் எரர்'

வியாசர்பாடி படிப்பகம்:
எங்கள் தெருப் படிப்பகத்துக்குப் பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டர்கள் சில வந்திருக்கின்றன. எல்லாம் 32 பிட், நெட் கிடையாது. பென்டிரைவிலிருந்து பூட் ஆகும் வசதியும் அந்த பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்) இல்லை. 32 பிட்டுக்கு இன்ஸ்டாலர் தரும் கடைசிப் பதிப்பு என்பதால் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பின் முதல் டிவிடியை எடுத்தேன். உள்ளே இருந்த எல்லாவற்றையும் ஒரு போல்டரில் காப்பி செய்து, லோஹித் தமிழ் எழுத்துரு, தமிழ்99 தட்டச்சுக்கான எம்17என் பேக்கேஜ்கள் சேர்த்து புது ஐஎஸ்ஓ (டிவிடியில் எழுதுவதற்கான ஒரே பைல்) உருவாக்கினேன். டிவிடியைப் போட்டால் 'ஐசோலினக்ஸ்' (டிவிடியிலிருந்து பூட் செய்யும் புரோகிராம்) என்று ஒரு வரி, அடுத்து 'இமேஜ் செக்சம் எரர், சாரி'. செக்சம் என்றால் பைல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கூட்டுத்தொகை. சாரி கேட்டுவிட்டு அப்படியே நிற்கிறது. என்ன செய்யலாம்?

பெரம்பூர் பென்குயின்:
டிவிடி எங்கே வாங்கினீர்கள்? பர்மா பஜார் மலிவுச் சரக்கு என்றால் அதன் மேல்தான் என் சந்தேகம். வேகத்தை 4எக்ஸ் ஆகக் குறைத்து எழுதிப் பாருங்கள். டிரைவ் லென்ஸையும் துடைத்து விடுங்கள்.

வியாசர்பாடி படிப்பகம்:
வேறு கம்பெனி டிவிடியில் மெதுவாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன் அண்ணே, அதே எரர். டெபியன் தளத்தின் ஒரிஜினல் ஐஎஸ்ஓவை எழுதினால் அதே டிரைவில் ஜோராக பூட் ஆகிறது.

ராயபுரம் ரூட்:
அப்போ டிரைவை விட்டுவிடலாம். இனி டிவிடியை வீணாக்காதீர்கள். உங்கள் ஐஎஸ்ஓவை லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் புரோகிராம்) ஓட்டுங்கள். அங்கேயும் இதே எரர் வந்தால் கோளாறு ஐஎஸ்ஓவுக்குள்தான். எந்த ஆப்ஷன்களோடு அதை உருவாக்கினீர்கள் என்றும் சொல்லுங்கள்.

வியாசர்பாடி படிப்பகம்:
அங்கேயும் அதே எரர்தான். ஐஎஸ்ஓ உருவாக்கும் ஜென்-ஐஎஸ்ஓ-இமேஜ் கட்டளையில் 'நோ எமுல் பூட்', 'பூட் லோட் சைஸ் 4' இரண்டும் கொடுத்தேன்.

ராயபுரம் ரூட்:
'பூட் இன்ஃபோ டேபிள்' என்ற ஆப்ஷன் விட்டுப்போயிருக்கிறது தம்பி. பயாஸ் முதலில் ஐசோலினக்ஸ் பைலின் முதல் 2048 பைட்டை மட்டும்தான் ஏற்றும். லோட் சைஸ் 4 என்றால் 512 பைட் வீதம் நாலு துண்டு, அவ்வளவுதான். மீதிப் பைல் டிஸ்கில் எந்த இடத்தில் இருக்கிறது, நீளம் என்ன, செக்சம் என்ன என்பதெல்லாம் அந்த டேபிளில் இருக்கும். நீங்கள் காப்பி செய்த பைலில் இருப்பது பழைய டிவிடியின் டேபிள். புது ஐஎஸ்ஓவில் பைல் இடம் மாறிவிட்டதால் வேறு எதையோ படிக்கிறது, கணக்கு ஒத்துவரவில்லை. அந்த ஆப்ஷனையும் சேர்த்தால் புது டேபிளை அதுவே எழுதிவிடும்.

ஒன்று கவனியுங்கள். டிவிடியிலிருந்து காப்பி ஆன பைல்கள் படிக்க மட்டும் அனுமதியோடு வரும், அதனால் டேபிளை எழுத முடியாமல் எரர் காட்டும். முதலில் சிஎச்மாட் கட்டளை போட்டு ஐசோலினக்ஸ் பைலுக்கு எழுதும் அனுமதி கொடுங்கள்.

வியாசர்பாடி படிப்பகம்:
அனுமதி எரர் சொன்னபடியே வந்தது! அதைச் சரிசெய்ததும் இன்ஸ்டாலர் மெனு வந்துவிட்டது, எல்எக்ஸ்டிஈ டெஸ்க்டாப்பும் ஏறிவிட்டது. நான் போட்ட தமிழ் பேக்கேஜ்களை மட்டும் இன்ஸ்டாலர் கண்டுகொள்ளவே இல்லை.

ராயபுரம் ரூட்:
கண்டுகொள்ளாது. டிவிடியில் பேக்கேஜ்கள் இருக்கும் 'பூல்' போல்டரில் பைல் இருந்தால் மட்டும் போதாது, பேக்கேஜ் பட்டியலிலும் பெயர் வேண்டும். அந்தப் பட்டியலைத் திருத்தினால் ரிலீஸ் பைலின் ஹேஷ் (சரிபார்ப்பு எண்), டிஜிட்டல் கையெழுத்து என்று வேலை நீளும். உங்களுக்கு அது தேவையில்லை. டெப் பைல்களை (டெபியன் பேக்கேஜ்களை) 'தமிழ்' என்று தனி போல்டரில் வையுங்கள். இன்ஸ்டால் முடிந்ததும் அந்த போல்டருக்குள் போய் ரூட்டாக (நிர்வாகி அனுமதியோடு) 'டிபிகேஜி மைனஸ் ஐ' என்ற இன்ஸ்டால் கட்டளை போட்டு, எல்லா டெப் பைலையும் அந்த ஒரே கட்டளையில் கொடுங்கள். சார்ந்திருக்கும் பேக்கேஜ்களையும் மறக்காமல் அதே போல்டரில் போட்டுவிடுங்கள்.