புதுப்பிப்பு: பாம்பு கடித்த எங்கள் மணி

போன வாரம் ஏற்காட்டில் காபித் தோட்டத்து ஓரமாக எங்கள் நாய் மணியைப் பாம்பு கடித்துவிட்டது, மூஞ்சி வீங்குகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன் இல்லையா, பிழைத்துவிட்டான். கயிறு கட்டாதே, கீறாதே, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடு என்றவர்களுக்கு நன்றி. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் மருத்துவரிடம் சேர்வதற்குள் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தார், உறையவே இல்லை, கண்ணாடி விரியனாகத்தான் இருக்கும் என்றார். விஷமுறிவு மருந்து ஏற்றியும் மறுநாள்தான் வாலாட்டினான். அப்புறம், வீக்கம் இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வீங்காது, கால்தான் தள்ளாடும். பக்கத்து வீட்டு அண்ணன் மஞ்சள் அரைத்துக்கொண்டு ஓடிவந்தாராம், பாவம், அதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம்.