கலைச்சொல்: தனித்தேனீயா, தனிக்குடித் தேனீயா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வட அமெரிக்கத் தேனீக்களுக்கான தமிழ்க் கையேட்டில் 'சாலிட்டரி பீ' (ராணியும் வேலைக்காரரும் இல்லாமல் ஒவ்வொரு தாயும் தானே கூடு கட்டும் தேனீ) என்ற ஒரே சொல்லில் இரண்டு வாரமாக நிற்கிறோம். தனித்தேனீ, தனிமைத் தேனீ, தனிவாழ் தேனீ என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்றை வைக்கிறேன்.

இங்கே ஒன்டாரியோவின் தென்பகுதியில் ஏப்ரலில் மண் இளகியதும் மணற்பாங்கான புல்தரைகளில் சின்னச் சின்ன மண்குவியல்கள் கிளம்பும். பார்க்க எறும்புப் புற்று மாதிரியே இருக்கும். நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளை. கொலீட்டஸ் இனீக்வாலிஸ் என்ற தேனீயின் வேலை அது. நல்ல இடமாக இருந்தால் நாலு எட்டு வைப்பதற்குள் இருபது முப்பது துளைகளைத் தாண்டிவிடுவோம். போன வசந்தத்தில் என் மகளோடு வந்திருந்த ஒன்பது வயதுச் சிறுமியிடம் "இது தனிமையில் வாழும் தேனீ" என்று காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். "தனியாவா? இங்க ஒரு ஊரே இருக்கே" என்றாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. அந்த மண்ணில் நூற்றுக்கணக்கான தாய்கள் அருகருகே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு தாயும் தன் வளையைத் தானே தோண்டுகிறது. தன் அறைகளின் உட்சுவரில் செலஃபேன் தாள் போன்ற ஒரு மென்படலத்தைத் தானே பூசுகிறது. மகரந்தமும் பூந்தேனும் தானே சேர்க்கிறது, முட்டையிட்டு அறையை மூடுகிறது. ராணி கிடையாது, வேலைக்காரத் தேனீ கிடையாது, பக்கத்து வளைக்காரி ஒரு கை கொடுப்பதும் கிடையாது. அக்கம்பக்கம் நிறைய உண்டு, குடித்தனம் மட்டும் தனி. 'தனிமை' என்ற சொல் இந்தக் காட்சியைத் தவறாகக் காட்டுகிறது. 'தனிவாழ்' என்பதும் அப்படித்தான்: காட்டில் ஒற்றையாகத் திரியும் பிராணி என்று நினைக்க வைக்கும்.

நம்மிடம் இதற்கு வீட்டுச் சொல்லே இருக்கிறது: தனிக்குடித்தனம். அதே தெருவில், அடுத்த வாசலில் இருந்தாலும் அடுப்பு தனி. ஆகவே என் பரிந்துரை தனிக்குடித் தேனீ. ராணியும் வேலைக்காரத் தேனீயும் சேர்ந்து நடத்துவது கூட்டுக்குடி. கையேட்டில் இதற்கான தலைப்பு குடிவகை.

'தனிக்கூட்டுத் தேனீ' என்றும் எழுதிப் பார்த்தேன். கூடு என்பது கூட்டு என்று திரியும்போது கூட்டுக்குடும்பம், கூட்டுறவு எல்லாம் நினைவுக்கு வந்து பொருள் நேர் எதிராகிவிடுகிறது. அதனால் விட்டுவிட்டேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. டொரன்டோ நகரம் 2018இல் தன் அதிகாரபூர்வத் தேனீயாக அறிவித்த அகாபோஸ்டெமான் வைரசென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் தேனீக்குத் தலையும் மார்பும் பளபளக்கும் பச்சை, வயிற்றில் கறுப்பு வெள்ளைப் பட்டை. பல பெண்கள் ஒரே வாசலைப் பயன்படுத்துகின்றன, உள்ளே அறைகள் அவரவருடையவை. வாசலில் ஒன்று தலையை வைத்து அடைத்துக்கொண்டு காவல் இருக்கும். வீட்டுக்காரி திரும்பி வந்தால் தலையை உள்ளே இழுத்து வழிவிடும். இது ஒண்டுக்குடித்தனமேதான். இந்த வகைக்கு ஒண்டுக்குடித் தேனீ என்று வைக்கலாமா?

இனி வகைப்பாட்டுக்கு வருகிறேன், இதில்தான் நாம் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். தனிக்குடி என்பது ஒரு குடும்பத்தின் பெயரோ பேரினத்தின் பெயரோ அல்ல. வட அமெரிக்காவின் தேனீக்கள் ஆறு குடும்பங்களில் அடங்குகின்றன: கொலீட்டிடே, ஆண்ட்ரீனிடே, ஹாலிக்டிடே, மெலிட்டிடே, மெகாகைலிடே, ஏபிடே. ஆறிலும் தனிக்குடித் தேனீக்கள் உண்டு. நாம் தினம் தேன் எடுக்கும் தேனீயோ ஏபிடேயைச் சேர்ந்தது, அதுவும் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கப்பலில் கொண்டுவந்தது. ஆக, தனிக்குடி என்பது வாழும் முறை. உடலமைப்பை வைத்துப் பிரிக்கும் வகைப்பாட்டு அடுக்குக்குள் அதை நுழைக்கக் கூடாது.

ஹாலிக்டஸ் ருபிகுண்டஸ் என்ற தேனீயைப் பாருங்கள். வெயில் காலம் நீளமாக உள்ள இடங்களில் முதல் ஈட்டுப் பெண்கள் தாய்க்கு வேலைக்காரிகளாகிவிடுகின்றன. ராக்கி மலையின் உயரங்களில், கோடை சுருங்கிய இடங்களில், அதே இனத்துத் தாய் தனியாகவே எல்லாம் செய்கிறது. அதனால் இனத்தின் பெயருக்குள் தனிக்குடி என்று போட்டுவிடாமல், குடிவகை என்ற வரியில் மட்டும் எழுத வேண்டும், இடத்தையும் சேர்த்து.

இன்னொன்று. பழைய இன விளக்கங்கள் பெரும்பாலும் ஊசியில் குத்திய உலர்ந்த உடலைப் பார்த்து எழுதியவை. காச நோய்க்கு நல்ல காற்று தேடி 1887இல் இங்கிலாந்திலிருந்து கொலராடோ வந்த பூச்சியியலாளர் காக்கரெல், தேனீக்களுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் பெயர் வைத்தார். முகத்துக் குழிப்புள்ளிகள், இறக்கை நரம்புகள், மயிரின் நிறம் என்று உடலை விவரிக்க ஒரு மாதிரி உடல் போதும். குடிவகையைச் சொல்ல யாராவது வளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அப்படி யாரும் பார்த்திராத இனங்கள் ஏராளம். உறவுக்கார இனம் தனிக்குடி என்பதற்காக இதையும் தனிக்குடி என்று ஊகித்து எழுதாமல், அந்த வரியைக் காலியாக விடுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல் அழகாக அமைந்துவிட்டால் எல்லா இடத்திலும் ஒட்டத் தோன்றும், அதுதான் என் பயம்.

சொல் ஓடுகிறதா என்று பார்க்கப் பூசணித் தேனீக்கு ஒரு மாதிரிப் பதிவு எழுதினேன்:

"பின்காலில் மகரந்தத் தூரிகை. அதன் மயிர்கள் கிளைவிடாமல், இடைவெளி விட்டு அமைந்தவை. பூசணியின் மகரந்தத் துகள் பெரியது, முள்முள்ளானது. இந்த அகன்ற தூரிகையில்தான் அது தங்கும். குடிவகை: தனிக்குடி. வளை: மண்ணில், பெரும்பாலும் பூசணிக்கொடியின் அடியிலோ அருகிலோ. விடியும் நேரத்தில் பூ விரிந்ததும் பறக்கத் தொடங்கும்."

இந்தத் தேனீக்கு அமெரிக்கப் பூச்சியியலாளர் தாமஸ் சே எழுதிய விளக்கம் 1837இல் அச்சானது. பின்பு பெப்போனாபிஸ் என்ற பேரினத்தில் வெகுகாலம் இருந்தது, 2018இல் யூசெராவுக்குள் கொண்டுவந்தார்கள். பேரினம் மாறியும் மேலே உள்ள வரிகளில் ஒரு சொல்லும் மாறவில்லை. குடிவகையைப் பெயரோடு கட்டாமல் தனியாக எழுதச் சொல்வது இதற்காகவும்தான்.

எங்கள் வீட்டுக் கொடியில் பதினொரு மணிக்கு மேல், வாடிச் சுருங்கிய பூ ஒன்றை மெல்லப் பிரித்தால் உள்ளே ஆண் தேனீ ஒன்று உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு கிடக்கும். ஆணுக்கு வளை கிடையாது, மூடிய பூதான் படுக்கை. முதல் தடவை இறந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளங்கைச் சூட்டில் கொஞ்ச நேரத்தில் காலை அசைத்தது. ஆண்களுக்குக் கொடுக்கு இல்லை, தைரியமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கடைசியாக, தேன் சேமிக்காத பிராணியைத் தேனீ என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி. தமிழில் கூட்டில் இருப்பதும் தேன், பூவில் இருப்பதும் தேன். இந்தத் தாய்களும் பூந்தேனை மகரந்தத்தோடு பிசைந்துதான் பிள்ளைக்கு வைக்கின்றன. வண்டு என்று மாற்றினால் இன்றைய வாசகருக்குக் கெட்டி ஓடு போட்ட பூச்சிதான் தோன்றும். தேனீ என்றே இருக்கட்டும்.

அன்புடன்.

---

மறுமொழி

தம்பி, தனிக்குடி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மூன்று இடறல்கள்.

முதலாவது, குடித்தனம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள். இந்தத் தாயோ முட்டையிட்டு அறையை மூடிவிடுகிறது என்கிறீர்கள், பிள்ளையின் முகத்தையே பார்ப்பதில்லை. அது எப்படிக் குடியாகும்?

இரண்டாவது, ஒண்டுக்குடியைப் பாதிப் பேர் ஒண்டிக்குடி என்றுதான் எழுதுவார்கள். ஒண்டி என்றால் ஒற்றை. ஒண்டிக்கட்டை என்கிறோமே. அச்சில் ஓர் எழுத்து மாறினால் உங்கள் நடுவகை போய்த் தனிவகையில் சேர்ந்துவிடும். எளிமையாகப் 'பொதுவாசல்' என்றால் என்ன?

மூன்றாவது, வளையே தோண்டாத நோமடா என்ற தேனீயை எங்கே வைப்பீர்கள்? கையேட்டின் வரைவில் அதையும் தனித்தேனீ என்றுதான் போட்டிருக்கிறீர்கள்.

---

மறுமொழி

அக்கா, வணக்கம்.

இரண்டாவதில் நீங்கள் சொல்வதே சரி. ஒண்டுக்குடியின் மேல் எனக்கு ஆசை இருந்தது, அதனால் ஆபத்தைப் பார்க்கவில்லை. பொதுவாசல் தெளிவாக இருக்கிறது, காவல் இருக்கும் தேனீயையும் அது நினைவுபடுத்துகிறது. ஆகவே பொதுவாசல் தேனீ.

முதலாவதற்கு: குடி என்பதில் உறவை விட இருப்பிடம்தான் எனக்கு முன்னால் நிற்கிறது. குடிபுகுந்தார்கள், குடிக்கூலி கொடுத்தார்கள் என்கிறோம், ஓர் ஆள் மட்டும் இருந்தாலும் அப்படித்தான். தாய் பிள்ளையைப் பார்ப்பதில்லை என்பது உண்மை, ஆனாலும் அது கட்டும் வீடு பிள்ளைக்காகவே. ஓஸ்மியா லிக்னேரியா என்ற தேனீ கூடு வைத்த மரத்துளை ஒன்றை இரண்டாகப் பிளந்து பார்த்திருக்கிறேன். மண்சுவர் வைத்த அறைகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு மகரந்த உருண்டை, அதன் மேல் வெள்ளையாக ஒரு முட்டை. பின்னறைகளில் பெண் முட்டை, வாசல் பக்கம் ஆண் முட்டை. மறு வசந்தத்தில் ஆண்கள் முதலில் வெளியே வர வேண்டும் என்பதால் இந்த வரிசை. தாயோ சில வாரங்களில் இறந்துவிடுகிறது. இவ்வளவு ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறவளைக் குடித்தனக்காரி என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மூன்றாவது என் பிழை, திருத்துகிறேன். நோமடாவின் பெண் பெரும்பாலும் ஆண்ட்ரீனா என்ற பேரினத்துத் தேனீயின் வளைக்குள் புகுந்து அங்கே தன் முட்டையை வைத்துவிட்டுப் போகிறது. பிள்ளைக்கு மகரந்தம் சேர்க்கும் வேலை இல்லாததால் காலில் தூரிகையும் இல்லை. மயிரில்லாத உடம்பும் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பார்க்கக் குளவி போலவே இருக்கும். காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலை நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும், ஆகவே குயில்தேனீ. குடிவகை வரியில் 'குடியில்லை, ஆண்ட்ரீனாவின் வளையில் முட்டையிடும்' என்று எழுதலாம். எந்த ஆண்ட்ரீனா என்று தெரிந்தால் அதன் பெயரையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் ஒன்றைத் தேடிப் போகிறவருக்கு மற்றதும் அங்கேயே கிடைக்கும்.

அப்புறம், குடி என்றதும் மதுவை நினைப்பார்கள் என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். குடிமகன், குடியரசு, குடியிருப்பு எல்லாவற்றையும் அந்தப் பயம் இல்லாமல்தான் எழுதி வருகிறோம். இதையும் எழுதலாம்.

வேறு மறுப்பு இல்லை என்றால் தனிக்குடி, பொதுவாசல், கூட்டுக்குடி, குயில்தேனீ நான்கையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ஹாலிக்டஸ் ருபிகுண்டஸ் போல இடத்துக்கு இடம் மாறுகிறவற்றுக்குத் தனிச்சொல் தேவையா, 'குடிவகை மாறும்' என்ற இரண்டு சொல்லே போதுமா என்பது மட்டும் பாக்கி. எனக்கு இரண்டு சொல்லே போதும் என்று படுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் அக்கா, அதற்குள் அகாபோஸ்டெமான் பக்கத்தைத் திருத்தி அனுப்புகிறேன்.