இணையவழிப் பாடநெறிகளில் எதை நம்புவது: காணொளியையா, எழுத்துக் குறிப்பையா?

களுவாஞ்சிகுடி வாசகி:

வணக்கம். மட்டக்களப்பு நகரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். தை மாதத்திலிருந்து தரவுப் பகுப்பாய்வு பற்றிய இணையவழிப் பாடநெறி ஒன்றை ஆங்கிலத்தில் பின்பற்றி வருகிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு காணொளியும், ஏறக்குறைய அதே விடயத்தைச் சொல்லும் வாசிப்புப் பகுதியும் தரப்பட்டுள்ளன. இரண்டையும் முழுமையாகச் செய்வதற்கு எனக்கு நேரம் போதாது. பஸ் பிடித்து வீடு வந்து, சமையலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் முடிந்த பின்னர், இரவு ஒன்பதரைக்கு மேல் கிடைக்கும் ஒரு மணித்தியாலம்தான் எனக்கென்று இருக்கிறது.

காணொளியைப் பார்க்கும்போது எல்லாம் விளங்கியதுபோல இருக்கிறது. ஆனால் பதினான்கு நிமிடக் காணொளியை நிறுத்தி நிறுத்திச் செய்துபார்த்து முடிக்க ஐம்பது நிமிடங்கள் ஆகின்றன. மறுநாள் அலுவலகத்தில் அதே சூத்திரத்தை எழுத முற்பட்டால் கை ஓடுவதில்லை. வாசிப்புப் பகுதி சீக்கிரம் முடிந்துவிடுகிறது, ஆனால் பாடம் படித்த நிறைவு வருவதில்லை. கண் வரிகளின்மேல் ஓட, மனம் மறுநாள் சம்பளப் பட்டியலில் நின்றுகொண்டிருக்கும்.

சென்ற கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காணொளியில் ஆசிரியர் எக்ஸ்லுக்அப் என்ற எக்செல் சூத்திரத்தை, பட்டியலில் ஒரு பெயரைத் தேடி அதற்குரிய விபரத்தை எடுத்துத் தருவதை, மிக அழகாக விளக்கினார். கொப்பியில் எழுதிக்கொண்டுபோய் அலுவலகக் கணினியில் தட்டினேன். விடை வரவேண்டிய கட்டத்தில் ‘நேம்’ என்ற பிழைதான் வந்தது. என்னுடைய எழுத்துப்பிழையாக்கும் என்று நினைத்து நான்கு தடவை திருத்தினேன், காற்புள்ளிகளை விரல்விட்டு எண்ணினேன். பக்கத்து மேசைத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது 2010 எக்செல். இதில அந்தச் சூத்திரமே இல்லை” என்றார். அரை நாள் போனது எனக்குப் பெரிதில்லை. காணொளியில் அதைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லையே என்பதுதான் மனதை உறுத்துகிறது.

வேலையும் வீடும் பார்த்துக்கொண்டே இப்படிக் கற்றவர்கள், ஒன்றை மட்டும் தெரிவுசெய்வதானால் எதைத் தெரிவுசெய்வீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்லடிக்காரன்:

அக்கா, நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆகவே என் பதில் எழுத்தின் பக்கம்தான் சாயும். அதற்குக் காரணம் ஒரு கீழ்க்கோடு.

2022 ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில்தான் நான் பைதன் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டேன். மின்சாரம் இருக்கும்போது கைத்தொலைபேசியையும் மடிக்கணினியையும் ஏற்றிக்கொள்வேன். டேட்டாவை மிச்சம்பிடிக்கக் காணொளியை 360 என்ற தரத்தில் வைத்துப் பார்ப்பேன். பைதனில் ‘வகுப்பு’ (தரவையும் கட்டளைகளையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் அமைப்பு) ஒன்றை எப்படி உருவாக்குவது என்று ஆசிரியர் தட்டிக்காட்டினார். ‘இனிட்’ என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு கோடு தெரிந்தது. அப்படியே நானும் தட்டினேன். இந்த வகுப்பு எந்த அளவுருவையும் ஏற்காது என்று பிழைச்செய்தி வந்தது. இரண்டு இரவுகள் அந்தக் காணொளியையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நான் தட்டியதும் அவர் தட்டியதும் ஒன்றாகவே தெரிந்தன. பிறகு பைதனின் அதிகாரபூர்வப் பயிற்சி நூலைத் தரவிறக்கி அந்தப் பகுதியை வாசித்தபோதுதான், அங்கே இருப்பது ஒரு கோடு அல்ல, ஒட்டியபடி இரண்டு கீழ்க்கோடுகள் என்பது தெரிந்தது. சின்னத் திரையில் இரண்டும் சேர்ந்து ஒரே நீளக் கோடாகிவிட்டிருந்தன. எழுத்தில் இருந்திருந்தால் பிரதிசெய்து ஒட்டியிருப்பேன், பிழையே வந்திராது.

உங்கள் எக்ஸ்லுக்அப் கதையும் இதே இனம்தான். காணொளி எடுக்கப்பட்ட நாளோடு உறைந்துவிடுகிறது. எடுத்தவர் தம்முடைய கணினியில் இருப்பதுதான் உலகம் என்று பேசிவிட்டுப் போய்விடுகிறார். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் உதவிப் பக்கங்களில் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் மேலேயே அது எந்தெந்தப் பதிப்புகளுக்கு உரியது என்று போட்டிருப்பார்கள். எக்ஸ்லுக்அப் 2021 பதிப்பிலும் மைக்ரோசொப்ட் 365 இலும் உண்டு. 2019 இல்கூட இல்லை. 2010 இல் உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இதே தேடலைச் செய்யும் பழைய சூத்திரமான விலுக்அப்பைப் பயன்படுத்தலாம், ஆனால் தேடும் நிரல் அட்டவணையின் இடப்பக்க ஓரத்தில் இருக்க வேண்டும். நான்காவது இடத்தில் ‘ஃபோல்ஸ்’ என்று எழுத மறந்தால், கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொண்டு பிழைச்செய்தி எதுவும் காட்டாமலே தவறான விடையைத் தந்துவிடும். சம்பளப் பட்டியலில் இது ஆபத்து. இன்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்து எழுதினால் நிரல்களின் ஒழுங்கைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை; மேட்ச்சின் மூன்றாவது இடத்தில் பூச்சியம் போட்டால் சரியாகப் பொருந்துவதை மட்டும் தேடும்.

ஒன்றில் மட்டும் காணொளிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அனுபவமுள்ள ஒருவர் நேரலையில் மென்பொருள் எழுதும்போது அவருக்கும் பிழை வரும். அதை அவர் எப்படித் தேடுகிறார், எந்த வரியை முதலில் சந்தேகிக்கிறார் என்பதைப் பார்த்து நான் கற்றது எந்த நூலிலும் கிடைக்காதது. வெட்டித் திருத்திப் பளபளப்பாக்கிய காணொளிகளில் அந்தப் பகுதியைத்தான் முதலில் நீக்கிவிடுகிறார்கள்.

மருதமுனைத் தையல்காரி:

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. மேலே எழுதிய தம்பி விசைப்பலகையோடு வாழ்பவர். அவருக்கு எழுத்துச் சரியாக வரும். நான் வீட்டிலிருந்தபடியே பெண்பிள்ளைகளுக்கு வட்ஸ்அப் வழியாகத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன், நானும் இணையத்தில் கற்றவள்தான். என் அனுபவம் வேறு.

சட்டைக்குக் கை பொருத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். கையின் மேல்வளைவு, அது பொருந்தவேண்டிய தோள்வளைவைவிடச் சற்றுக் கூடுதலாக வெட்டப்பட்டிருக்கும். நான் முதலில் வாசித்த குறிப்பில், மேல்வளைவில் நீளத்தையல் இரண்டு வரிசை ஓட்டி, நூலை மெல்ல இழுத்து, சுருக்கு விழாமல் பரப்பிப் பொருத்துக என்று இருந்தது. ஒரு சொல் பிழையில்லை. ஆனால் ‘மெல்ல’ என்பது எவ்வளவு? மூன்று சட்டைகளின் கைகள் தோளில் கோழிக்கொண்டைபோல எழும்பி நின்றன. பிறகு ஒரு காணொளியில், அந்தப் பெண் நூலை இழுத்துவிட்டு, பெருவிரலால் துணியைத் தடவித் தடவிச் சுருக்கை இரண்டு பக்கமும் தள்ளிவிடுவதைக் கண்டேன். ஏழெட்டு விநாடிதான். அதைத் திரும்ப ஓடவிட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே செய்தேன், அன்றிரவே கை சரியாக உட்கார்ந்தது. எங்களுடையது நெசவூர், தறியில் அறுந்த இழையை முடிவதைக் கொப்பியில் எழுதிப் படித்தவர் இங்கே எவரும் இல்லை, வாப்பாவின் விரலைப் பார்த்தே படித்தார்கள்.

ஆனால் அளவுகள் என்று வந்தால் நானும் தாளுக்குத்தான் போகிறேன். மார்பளவில் காற்பங்கு, அதற்குமேல் தளர்வுக்கு எவ்வளவு, கழுத்து ஆழம் எவ்வளவு என்பதையெல்லாம் காணொளியில் சொன்னால் பிள்ளைகள் ஒவ்வொரு வெட்டுக்கும் அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே அளவுகளைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். அதை அச்செடுத்து மெசினுக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொள்கிறார்கள். விரல் செய்வதை மட்டும் காணொளியாக எடுக்கிறேன், அதையும் முன்னாலிருந்து எடுப்பதில்லை. முன்னாலிருந்து எடுத்தால் பார்ப்பவருக்கு இடம் வலமாகிவிடும். தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தால்தான் என் கை அவர்களுடைய கைபோலத் தெரியும்.

அக்கரைப்பற்று ஓய்வுநிலை ஆசிரியர்:

மகள், உயர்தர வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் இணைந்த கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ‘பார்க்கும்போது விளங்குகிறது, மறுநாள் கை ஓடவில்லை’ என்று நீங்கள் எழுதிய வரியை வகுப்பறையில் நான் கேட்காத தவணை இல்லை. கரும்பலகையில் நான் ஒரு தொகையீட்டைச் செய்து முடித்ததும் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதையே துடைத்துவிட்டு ஒருவரை எழுப்பிச் செய்யச் சொன்னால் இரண்டாம் படியில் நிற்பார். தலையாட்டியவர் பொய் சொல்லவில்லை. மற்றவர் செய்வதைத் தொடர்வதும் தானே செய்வதும் வேறு வேறு வேலைகள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரியவருகிறது.

இதை அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் சோதித்துக் காட்டினார்கள். ஒரு பகுதியினர் உரைப்பகுதியைத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது; எழுதிப் பார்த்தவர்களுக்கே கூடுதலாக நினைவிருந்தது. கவனியுங்கள், அங்கே காணொளியே இல்லை. வாசித்தவர்களுக்கும் இதே மயக்கம் வந்திருக்கிறது. எனவே காணொளியைக் கைவிட்டு வாசிப்புக்கு மாறுவதால் மட்டும் உங்கள் குறை தீராது.

‘நான் பார்த்துக் கற்கும் இனம்’, ‘நான் வாசித்துக் கற்கும் இனம்’ என்று சிலர் தம்மைப் பிரித்துக்கொள்வார்கள். நீங்கள் அப்படிச் சொல்லாதது நல்லது. ஒவ்வொருவருக்கும் உரிய பாணியில் கற்பித்தால் கூடுதல் பலன் கிடைக்கும் என்ற கருத்துக்குப் போதிய சான்று இல்லை என்று 2008 இல் பாஷ்லரும் மூன்று ஆய்வாளர்களும் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். தையல்காரப் பிள்ளையே ஒரே சட்டைக்குள் அளவைத் தாளிலும் விரலசைவைக் காணொளியிலும் வைத்திருக்கிறார் அல்லவா? ஆளைப் பார்த்து அவர் பிரிக்கவில்லை, வேலையைப் பார்த்துப் பிரித்தார்.

பதினான்கு நிமிடம் என்பதும் நீளம்தான். எட்எக்ஸ் தளத்தின் பாடநெறிகளில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை வைத்து 2014 இல் செய்த ஆய்வொன்று, ஆறு நிமிடத்துக்குள் அடங்கும் காணொளிகளையே பரிந்துரைத்தது. உங்கள் காணொளியை ஏழு நிமிடத்தில் நிறுத்துங்கள். மடிக்கணினியை மூடுங்கள். கொப்பியில், பார்க்காமல், நினைவிலிருப்பதை எழுதுங்கள். அதற்குப் பிறகு வாசிப்புப் பகுதியைத் திறந்து, எழுதத் தவறியதை மட்டும் சிவப்புப் பேனையால் நிரப்புங்கள். முதல் சில நாட்கள் கொப்பி முழுவதும் சிவப்பாக இருக்கும், அதற்காக மனம் நோக வேண்டாம்.

செங்கலடி மாணவன்:

சுருக்கமாக ஒன்று. கோர்செரா, எட்எக்ஸ் போன்ற தளங்களில் காணொளியில் பேசப்படுவதன் எழுத்து வடிவத்தையும் தரவிறக்கலாம். நான் காணொளிகளை நள்ளிரவுக்குப் பிறகு வரும் இரவுநேர டேட்டாவில் இறக்கிவைத்துவிட்டு, பகலில் எழுத்து வடிவத்துக்குள் சொல்லைத் தேடி, தேவையான இரண்டு நிமிடத்தை மட்டும் பார்க்கிறேன். மாரி மழையில் இணைப்பு விழுந்தாலும் பாடம் நிற்காது.

களுவாஞ்சிகுடி வாசகி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி நான்கு நாட்கள் செய்துபார்த்தேன். முதல் நாள் ஏழு நிமிடம் பார்த்துவிட்டு மூடியபோது கொப்பியில் இரண்டரை வரிதான் எழுத முடிந்தது. பல மாதமாகப் படித்தேன் என்று நினைத்ததற்கு இது வெட்கமாகவே இருந்தது. நேற்று ஒன்பது வரி வந்தது. வாசிப்புப் பகுதியும் இப்போது வேறுவிதமாகத் தெரிகிறது, நான் தேடுவது அதற்குள் எங்கோ இருக்கிறது என்ற நினைப்போடு வாசிப்பதால் மனம் சம்பளப் பட்டியலுக்கு ஓடுவதில்லை.

கல்லடித் தம்பி, இன்டெக்ஸ், மேட்ச் சூத்திரம் அலுவலகக் கணினியில் வேலைசெய்தது. மூன்று பெயர்களுக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை என்ற பிழை வருகிறது. இரண்டு பட்டியலிலும் அந்தப் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கின்றன.

கல்லடிக்காரன்:

ஒன்றாகத் தெரிகின்றன, அக்கா. அந்தப் பெயர்களில் ஒன்றின் கட்டத்துக்குள் சென்று எண்ட் விசையை அழுத்துங்கள். கடைசி எழுத்தை விட்டுத் தள்ளிக் குறிகாட்டி நின்றால் அங்கே ஒரு வெற்றிடம் ஒளிந்திருக்கிறது என்று பொருள். பக்கத்து நிரலில் டிரிம் சூத்திரத்தைப் போட்டுப் பெயர்களைச் சுத்தம்செய்துவிட்டு, அந்த நிரலில் தேடுங்கள்.

களுவாஞ்சிகுடி வாசகி:

வெற்றிடமேதான். மூன்றும் வந்துவிட்டன.

அக்கரைப்பற்று ஓய்வுநிலை ஆசிரியர்:

நல்லது மகள். அந்தச் சூத்திரத்தில் பூச்சியத்தை எந்த இடத்தில் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்பதை அடுத்த வெள்ளிக்கிழமை கொப்பியைப் பார்க்காமல் இங்கே எழுதுங்கள்.