3டி படம் பிரமாதம், புழக்கத்துக்குச் சரிவருமா?

புதுமனை:
மூன்று படுக்கையறை ஃப்ளாட். நாங்கள் இருவர், 4, 9 வயதில் பிள்ளைகள், முழங்கால் வலியோடு மாமியார். இன்டீரியர் டிசைனர் 3டி படங்களும், ஒரே வரியில் மொத்தத் தொகையும் அனுப்பியிருக்கிறார். படம் அழகு. ஆனால் சாமான் எல்லாம் எங்கே போகும் என்று புரியவில்லை. முன்பணம் கொடுக்கும் முன் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

தூக்குக்குண்டு:
3டி படத்தை ஓரமாக வையுங்கள். அதில் எந்த அறையும் பெரிதாகத்தான் தெரியும். அளவு போட்ட பிளானும், சுவருக்குச் சுவர் எலிவேஷனும் (சுவரை நேரே பார்த்தபடி அளவோடு வரைந்த படம்) கேளுங்கள். எல்லாக் கதவும் டிராயரும் திறந்த நிலையில் எதுவரை வரும் என்று அதிலேயே கோடு போடச் சொல்லுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே வெளியே வந்துவிடும்.

உதாரணத்துக்கு ஃப்ரிட்ஜ். சுவரை ஒட்டி மூலையில் வைத்தால் கதவு 90 டிகிரிக்கு மேல் போகாது. பல மாடல்களில் அடியில் உள்ள காய்கறி டிரேயை முழுசாக உருவ அது போதாது. மாடலோடு வரும் இன்ஸ்டலேஷன் தாளில் பக்கத்திலும் பின்னாலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று இருக்கும். அதை டிசைனருக்கு அனுப்புங்கள். வாஷிங் மெஷினும் அப்படித்தான். 60 செ.மீ. ஆழ மெஷினை 60 செ.மீ. அலமாரிக்குள் வரைந்துவிடுவார்கள்; பின்னால் ஹோஸுக்கும் பிளக்குக்கும் இடம் இருக்காது, கதவு மூடாது.

நடைவழி 90 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். சமையலறையில் எதிரெதிர் மேடை, இரண்டு பேர் வேலை செய்வீர்கள் என்றால் நடுவே 120 செ.மீ. தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, வீட்டில் எல்லோரையும் ஒருமுறை நடக்க வையுங்கள்.

அளவுநாடா:
அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு: சாமான் கணக்கு. "நிறைய துணி இருக்கு" என்று சொன்னால் டிசைனர் நிறைய தட்டு வைப்பார், அவ்வளவுதான். மாட்டும் துணி எத்தனை அடி ஓடும், மடிக்கும் துணி எத்தனை அடுக்கு, உயரமான பாத்திரம் எத்தனை செ.மீ. என்று எண்ணி அளந்து கொடுங்கள். ஹேங்கருக்கு 60 செ.மீ. ஆழம் வேண்டும். மடித்த துணிக்கு அதே ஆழத்தில் தட்டு வைத்தால் பின்வரிசை மறந்தே போகும். அங்கே டிராயர்தான் சரி.

கீழ் கேபினெட்டிலும் தட்டு வேண்டாம், முழுசாக வெளியே வரும் சேனலோடு (டிராயர் ஓடும் இரும்புத் தடம்) டிராயர் போடுங்கள். முழங்கால் வலிக்காரர் குனிந்து தலையை உள்ளே விட வேண்டியிருக்காது. மேடை உயரம், அதிகம் சமைப்பவரின் முழங்கையிலிருந்து 10–15 செ.மீ. கீழே.

புத்தகத் தட்டு 18 மி.மீ. ப்ளைவுட்டாக இருந்தாலும் 90 செ.மீ.க்கு மேல் நடுவில் தாங்கல் இல்லாமல் நீண்டால் தொய்யும். சிறுவன் கீழ் டிராயரைப் படியாக்கி ஏறுவான். உயரமான அலமாரி ஒவ்வொன்றையும் சுவரோடு ஸ்க்ரூ போட்டுப் பிடிப்பது கட்டாயம்.

புதுமனை:
நன்றி. மாமியார் பிடித்துக்கொள்ள பாத்ரூம் சுவரில் வைக்கும் கைப்பிடியைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் டிசைனர். சரியா?

தூக்குக்குண்டு:
செங்கல் சுவர் என்றால் மாட்டலாம். ஜிப்சம் போர்டு பார்ட்டிஷன் என்றால் டைல் ஒட்டுவதற்கு முன்பே உள்ளே தாங்கு பலகை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆள் எடைக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். எந்தச் சுவரானாலும் குழாய் பதித்ததும், பூசுவதற்கு முன், அளவுநாடாவைச் சுவரில் பிடித்து போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு எங்கே துளை போடக் கூடாது என்று அதில்தான் தெரியும்.

வரிக்கணக்கு:
ஒரே வரி கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள். பொருளுக்குப் பொருள் அளவு, பலகை வகை, லேமினேட், கீல், சேனல் மாடல் எல்லாம் தனித்தனியாக வரட்டும். சிங்க் அடியில் பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வந்தால் மறுத்துவிடுங்கள். ஒரு கசிவு போதும், ஊதிவிடும். எதெல்லாம் தொகையில் சேராது என்பதும் எழுத்தில் வேண்டும்: வயரிங், பிளம்பிங், பெயின்ட், இடிபாடு அகற்றுவது.

எலெக்ட்ரிகல் பிளானை ஃபர்னிச்சர் பிளான் முடிந்த பிறகே போட வேண்டும். முன்னதாகப் போட்டால் சாக்கெட் கட்டில் தலைப்பலகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். பூச்சும் டைலும் முடிந்தபின் இன்னொரு முறை அளந்துதான் பலகை வெட்ட வேண்டும். நடுவில் மாற்றம் கேட்டால் கூடுதல் தொகை, கூடுதல் நாள் இரண்டையும் எழுதி வாங்கிய பிறகே வேலை. கடைசித் தவணையை, ஒவ்வொரு டிராயரையும் இழுத்துப் பார்த்துக் குறைப் பட்டியல் தீர்ந்த பிறகு கொடுங்கள்.